விடைக்குறிப்பின் நயம்

போஸ்ட்கிரெஸ் என்னும் டேட்டாபேஸ் சர்வரின் மூல நிரலை இறக்கிக்கொண்டால், உள்ளே சோதனைகளுக்கென்று தனியாக ஓர் இடம் இருக்கும். அங்கே ‘பூலியன்’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் கேள்வி இதுதான்: ஒன்றைக் கேட்டால் ஒன்றைத் தருகிறாயா? வேறு எதுவும் இல்லை. டேபிள் கிடையாது, நிபந்தனை கிடையாது. அதற்கு மேலே எழுதியவர் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். இதுவே தோற்றுப்போனால் பைத்தியம் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது அதன் பொருள். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு சர்வரைச் சோதிக்கக் கிளம்பியவர், வாசலிலேயே நின்று இப்படி ஒரு நக்கல் அடித்துவிட்டு உள்ளே போகிறார்.

உள்ளே போனால் விஷயம் நுணுக்கமாகிறது. ‘ஆம், இல்லை’ என்ற இரண்டே மதிப்பு கொண்ட வகைதான் பூலியன். ஆனால் மனிதர்கள் அதை எத்தனை விதமாக எழுதுவார்கள்! ‘ட்ரூ’, அதன் முதலெழுத்து மட்டும், ‘யெஸ்’, ‘ஆன்’, 1. எல்லாமே ஆம்தான். ‘யெஸ்’ சரி என்றால் பேச்சுவழக்கு ‘யா’? பிழை. 1 சரி என்றால் 11? பிழை. பூஜ்யம் ஒன்று போட்டால் இல்லை என்று பொருள். மூன்று பூஜ்யம் போட்டால் பிழை. முன்னும் பின்னும் இடைவெளி விட்டு எழுதினால் பொறுத்துக்கொள்ளும். நடுவில் இடைவெளி விட்டுச் சொல்லைப் பிளந்தால் பொறுக்காது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தடுத்து வரும் இரண்டு கேள்விகள். ‘ஆஃப்’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை வெட்டிவிட்டு இரண்டெழுத்தாகக் கொடுக்கிறார்கள். சர்வர் அதை ‘இல்லை’ என்று ஏற்றுக்கொள்கிறது. இன்னும் ஓர் எழுத்தை வெட்டி, ‘ஓ’ என்ற ஒற்றை எழுத்தைக் கொடுக்கிறார்கள். பிழை. ஏன்? ‘ஆன்’ என்பதும் ‘ஆஃப்’ என்பதும் ஆங்கிலத்தில் அதே எழுத்தில்தான் தொடங்குகின்றன. இரண்டெழுத்து இருந்தால் எது என்று ஐயமில்லாமல் தெரிந்துவிடும், ஓரெழுத்தில் தெரியாது. ‘ஐயமற்ற முன்னொட்டு போதும்’ என்ற ஒரு விதி முழுவதையும் பக்கம் பக்கமாக விளக்காமல் இரண்டே வரியில் பிடித்துவிட்டார்கள். விதியின் எல்லை எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்திருக்கிறார்கள். நல்ல சோதனைக்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விடை வரும் நெடுவரிசைக்கு ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு தலைப்பு கொடுத்திருக்கிறார்கள்: ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’, ‘எரர்’. அதாவது எழுதியவர் என்ன விடையை எதிர்பார்த்தார் என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வருடங்கள் கழித்து வேறு யாராவது இதை மாற்ற வரும்போது, ‘இந்த இடத்தில் பிழை வருவது வேண்டுமென்றே வைத்ததா, தவறி வந்ததா?’ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தச் சோதனைகள் ஓடும் முறை எளியது. கேள்விகள் ஒரு கோப்புறையில், எதிர்பார்க்கும் விடைகள் இன்னொன்றில். வினாத்தாளும் விடைக்குறிப்பும் போல. ‘மேக் செக்’ என்று கட்டளை கொடுத்தால் தற்காலிகமாக ஒரு சர்வர் நிறுவப்பட்டு, எழுந்து, கேள்விகளை வாங்கிப் பதில் சொல்லும். வந்த பதிலையும் விடைக்குறிப்பையும் வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். வித்தியாசம் இருந்தால் அது தனிக் கோப்பில் விழும், இல்லாவிட்டால் ‘ஓகே’. இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள், பல கூட்டமாகச் சேர்ந்து ஓடும். ஒரு கூட்டத்தில் இருபதுக்கு மேல் போகக் கூடாது என்பது அங்குள்ள வழக்கம். ஒப்பிடுவது எழுத்துக்கு எழுத்து என்பதால் பிழைச் செய்தியின் வாசகமும் விடையில் அடக்கம். பிழை எந்த இடத்தில் என்று காட்ட அடியில் போடும் அம்புக்குறி ஓர் எழுத்து தள்ளி விழுந்தாலும் சோதனை தோற்றுவிடும். பிழையைச் சரியாகச் சொல்வதும் சர்வரின் வேலைதான் என்று கருதியிருக்கிறார்கள். பயன்படுத்துகிறவர் பக்கம் நின்று பார்த்தால் அதைவிட முக்கியமான வேலை ஏது?

முழு எண்களுக்கான சோதனையில் ஒரு மூலை உண்டு. 32 பிட் முழு எண்ணில் மிகச் சிறியது மைனஸ் 2147483648. மிகப் பெரியது 2147483647. ஒன்று குறைகிறது பாருங்கள், அதில்தான் வினை. மிகச் சிறிய எண்ணை மைனஸ் ஒன்றால் வகுத்தால் வர வேண்டிய விடைக்கு அந்த வகையில் இடமே இல்லை. இன்டெல் வகைச் சிப்புகளில் இந்த வகுத்தலை அப்படியே செய்யவிட்டால் சிப்பே மறித்து நிரலை நிறுத்திவிடும். பயனர் ஒருவர் ஒரு வரி அடித்து, சர்வரையே கீழே தள்ளிவிட முடியும் என்று அர்த்தம். அதனால் இங்கே மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்கள். பெருக்கினால் ‘எல்லை மீறிவிட்டது’ என்று பிழை வர வேண்டும். வகுத்தாலும் அதே பிழை. மீதி கேட்டால் மட்டும் பூஜ்யம் வர வேண்டும். கணிதப்படி மீதி பூஜ்யம்தானே, அதற்கு எல்லை மீறல் எங்கிருந்து வந்தது? சிப் மீதியைக் கேட்டாலும் மறிக்கும். ஆனால் சிப்பின் சங்கடத்துக்காகக் கணக்கைத் தப்பாகச் சொல்லக் கூடாது. மூன்றாவது கேள்வியில் இருக்கும் இந்த நேர்மைதான் அழகு. அவசரக்காரர் எழுதியிருந்தால் மூன்றுக்கும் பிழை என்று போட்டுவிட்டுப் போயிருப்பார்.

சோதனைக்கு வேண்டிய தரவு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதும் சுவையானது. போஸ்ட்கிரெஸ் 1986-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம். பெயர் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று மாறி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் கைக்கு வந்தது 1996-இல். ஆனால் அந்த ஊரின் மண் இன்னும் சோதனைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்கள் டேபிளில் ஓக்லாண்ட், பெர்க்லி, லாஃபாயெட். சாலைகள் டேபிளில் அந்தப் பகுதியின் 580, 880 நெடுஞ்சாலைகள். நீங்கள் மதுரையில் உட்கார்ந்து ஓட்டினாலும் சோதனை நேரம் கலிஃபோர்னியா நேரம்தான். ஓட்டும் கருவியே நேர மண்டலத்தை அப்படி மாற்றி வைத்துவிடும். தேதிச் சோதனைகளில் 1997 பிப்ரவரி 10, திங்கட்கிழமை மாலை 5 மணி 32 நிமிடம் திரும்பத் திரும்ப வருகிறது. மாதம் முன்னால், வருடம் முன்னால், கோடு போட்டு, புள்ளி வைத்து, ‘வருடத்தின் 41-ஆம் நாள்’ என்று சுற்றிவளைத்து என ஒரே மாலை எத்தனையோ வேடத்தில் வந்து நிற்கிறது. கூடவே 1996 பிப்ரவரி 29 ஏற்கப்படுகிறது, 1997 பிப்ரவரி 29 மறுக்கப்படுகிறது.

ஊழியர் டேபிள் ஒன்று உண்டு. மூன்றே பேர்: ஷரன், சாம், பில். ஒவ்வொருவருக்கும் வயது, சம்பளம், மேலாளர் யார் என்ற விவரம். ஷரனுக்கு மேலாளர் சாம். சாமுக்கு மேலாளர் பில். பில்லுக்கு மேலாளர்? ஷரன். யார் யாரிடம் லீவு கேட்பார்கள் என்று தெரியவில்லை. உண்மையான அலுவலகத்தில் இப்படி ஒரு வட்டம் சாத்தியமில்லை என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அடக்கிக்கொள்கிறேன்.

பத்தாயிரம் வரிசை கொண்ட ‘டென்க்1’ டேபிளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இதன் வேர் பெர்க்லி அல்ல, விஸ்கான்சின். டினா பிட்டன், டேவிட் டிவிட், கேரலின் டர்பிஃபில் மூவரும் 1983-இல் வெளியிட்ட விஸ்கான்சின் பெஞ்ச்மார்க்கில் இருந்து வந்த வடிவம் இது. பதினாறு நெடுவரிசைகள். முதலாவதில் 0 முதல் 9999 வரையிலான எண்கள் கலைத்துப் போடப்பட்டிருக்கும். இரண்டாவதில் அதே எண்கள் வரிசையாக இருக்கும். அடுத்து ‘இரண்டு’, ‘நான்கு’, ‘பத்து’, ‘இருபது’, ‘நூறு’, ‘ஆயிரம்’ என்று பொருள்படும் பெயர்களில் நெடுவரிசைகள். முதல் எண்ணை இரண்டால் வகுத்த மீதி, நான்கால் வகுத்த மீதி என்று போகும்.

இதில் என்ன நயம்? ‘நூறு’ நெடுவரிசையில் ஒரு மதிப்பைத் தேடினால் எத்தனை வரிசை வரும் என்று ஓட்டிப் பார்க்காமலே சொல்லலாம்: பத்தாயிரத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது நூறு வரிசை. ‘இரண்டு’ நெடுவரிசையில் தேடினால் ஐயாயிரம். சோதனை எழுதுபவருக்கு ‘கொஞ்சம் வரிசை வர வேண்டும்’, ‘பாதி டேபிள் வர வேண்டும்’, ‘ஒன்றே ஒன்று வர வேண்டும்’ என்று எது தேவையோ அதற்கேற்ற நெடுவரிசை தயாராக இருக்கிறது. இண்டெக்ஸைத் தொட வைக்க வேண்டுமா, டேபிள் முழுவதையும் படிக்க வைக்க வேண்டுமா, நெடுவரிசையின் பெயரை மாற்றினால் போதும். நிஜ வாழ்க்கைத் தரவில் இந்த வசதி ஒருநாளும் கிடைக்காது.

அதே டேபிளில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘ஆட்’, ‘ஈவன்’ என்று இரண்டு நெடுவரிசைகள், அதாவது ஒற்றைப்படையும் இரட்டைப்படையும். 1891 என்ற எண்ணுக்குரிய வரிசையைப் பாருங்கள். ‘ஆட்’ நெடுவரிசையில் 182. ‘ஈவன்’ நெடுவரிசையில் 183. பெயர்ப்பலகை மாறிப்போயிருக்கிறது! எல்லா வரிசையிலும் இப்படித்தான். சர்வருக்கு நெடுவரிசைப் பெயரின் பொருள் தெரியாது, அதற்குக் கவலையும் இல்லை. விடைக்குறிப்பு இந்தத் தரவை வைத்து எழுதப்பட்டது, ஆகையால் இந்தத் தரவுதான் சரி. திருத்தப் போனால் பலனும் இல்லை, வேலையும் கெடும். பழைய வீட்டில் கோணலாகிப்போன சுவரை இடிக்காமல் அலமாரியை அதற்கேற்பச் செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இனி இந்தக் கலையின் மையத்துக்கு வருகிறேன். சோதனை எழுதுவதில் எதைச் சரிபார்ப்பது என்பது பாதித் திறமை. எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பது மீதி. என்னைக் கேட்டால் இரண்டாவது பாதிதான் கடினம். சர்வர் வாக்குக் கொடுக்காத ஒன்றை விடைக்குறிப்பில் எழுதிவைத்தால், இன்று பாஸ் ஆகும், நாளை சம்பந்தமில்லாத ஒரு மாற்றத்தில் தோற்கும். தோற்றதைக் கண்டு ஒருவர் அரை நாள் செலவழித்துக் கடைசியில் ‘சர்வரில் தவறில்லை, சோதனைதான் தவறு’ என்று கண்டுபிடிப்பார்.

வரிசையை எடுத்துக்கொள்வோம். ‘ஆர்டர் பை’ சொல்லாவிட்டால் எந்த வரிசையில் விடை வரும் என்பதற்கு எஸ்கியூஎல் உத்தரவாதம் தருவதில்லை. அப்படியானால் எல்லாக் கேள்விக்கும் ‘ஆர்டர் பை’ சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? போஸ்ட்கிரெஸ்காரர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்யவில்லை. எல்லாவற்றிலும் அதைச் சேர்த்தால், வரிசைப்படுத்தித் தரும் வழிகளையே சர்வர் எப்போதும் தேர்ந்தெடுக்கும்; வரிசையில்லாமல் தரும் வழிகள் சோதிக்கப்படாமலே போகும். கொஞ்சம் நிலையற்ற தன்மையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு அதற்குப் பதிலாகப் பரந்த சோதனையை வாங்கிக்கொண்டார்கள். இது அனுபவத்தில் வந்த தீர்ப்பு.

‘எக்ஸ்ப்ளெய்ன்’ கட்டளையிலும் அப்படித்தான். ஒரு கேள்விக்கு விடை தேட எந்த வழியில் போகப்போகிறேன் என்று சர்வர் அதில் சொல்லும். கூடவே உத்தேசச் செலவு எண்களும் வரும். எண்கள் கணினிக்குக் கணினி அசையும், வழி அசையாது. எனவே சோதனைகளில் ‘காஸ்ட்ஸ் ஆஃப்’ என்று சொல்லி எண்களை மறைத்துவிட்டு வழியை மட்டும் விடைக்குறிப்பில் வைக்கிறார்கள்.

ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று சரியான விடைகள் இருந்தால்? விடைக்குறிப்பையே பலவாக வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்எம்எல் சோதனைக்கு அப்படித் தனித்தனியாக உண்டு. அதில் ஒன்று, எக்ஸ்எம்எல் வசதியே சேர்க்காமல் கட்டப்பட்ட சர்வருக்கானது. அந்தக் குறிப்பில் கேள்விக்குக் கேள்வி ‘இந்த வசதி என்னிடம் இல்லை’ என்ற பிழையே விடை. அப்படி ஒரு சர்வர் கடைசிவரை கையை விரித்துக்கொண்டே வந்து ‘ஓகே’ வாங்கிவிடும். அதில் தப்பும் இல்லை. இல்லாததை இல்லை என்று ஒழுங்காகச் சொல்லத் தெரிந்திருக்கிறது, விழுந்துவிடவில்லை, உளறவும் இல்லை.

விடையே தெரியாத ஒன்றை எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு ‘ரேண்டம்’ சோதனை பதில். தற்போக்காக ஓர் எண் கொடு என்று கேட்டால் என்ன வரும் என்று முன்கூட்டியே எழுத முடியாது. வெகுகாலம் வரை அந்தச் சோதனை ‘தோற்றாலும் பொருட்படுத்தாதே’ என்ற அடையாளத்தோடு இருந்தது. எப்போதாவது தோற்கும், எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். பிறகு ஒரு நாள் அதை முறையாக எழுதினார்கள். ஆயிரம் எண்களைக் கேட்டு, அவற்றில் எதுவும் திரும்ப வரக் கூடாது என்று சரிபார்க்கிறார்கள். 52 பிட் தற்போக்கு இருக்கிறது என்று கொண்டால், ஆயிரத்தில் இரண்டு ஒன்றாக அமைவதற்கு ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு வாய்ப்புதான். எண்கள் சீராகப் பரவியிருக்கின்றனவா என்று பார்க்க கோல்மகோரோவ்–ஸ்மிர்னோவ் என்ற புள்ளியியல் சோதனையை எஸ்கியூஎல்-இலேயே எழுதியிருக்கிறார்கள். அது நியாயமாகவே எப்போதாவது தோற்கக்கூடியது. அதனால் ஒரே வரியில் மூன்று முறை அழைத்து, மூன்றில் ஒன்று தேறினால் போதும் என்று ‘அல்லது’ போட்டு இணைத்திருக்கிறார்கள். எண்ணைக் கணிக்க முடியாது, ஆனால் நாம் தவறாகக் கூச்சல் போடும் வாய்ப்பைக் கணக்கிட்டுக் குறைக்கலாம்.

வேறொரு வகைச் சோதனையில் சரியான விடை எப்போதும் வெறுமை. சர்வருக்குள் இருக்கும் செயற்குறிகள், சார்புகள், வகைகள் எல்லாம் அதனுடைய சொந்த டேபிள்களில் பதிந்திருக்கின்றன. ‘ஆப்பர் சானிட்டி’ என்ற சோதனை அந்தப் பதிவேட்டையே கேள்வி கேட்கிறது. சின்னது, பெரியது என்ற குறிகள் ஒன்றுக்கொன்று இடமாற்று இணை. முதலாவது இரண்டாவதைத் தன் இணை என்று சொன்னால், இரண்டாவதும் முதலாவதைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத ஜோடி ஏதாவது உண்டா? பூஜ்யம் வரிசை. இதைப் போலக் கேள்விமேல் கேள்வி. பெரும்பாலானவற்றுக்கு விடை பூஜ்யம் வரிசைதான். புதிதாக ஒரு செயற்குறியைச் சேர்த்தவர் இணையை ஒரு பக்கத்தில் மட்டும் குறிப்பிட்டு மறுபக்கத்தில் மறந்தால், அவர் இந்தச் சோதனையைக் கேள்விப்பட்டே இராவிட்டாலும் அது அவரைப் பிடித்துவிடும். இன்னும் எழுதப்படாத நிரலுக்கு இன்றே எழுதிவைத்த சோதனை என்று இதைச் சொல்லலாம்.

மைஎஸ்கியூஎல் பக்கம் போனால் வேறு சுபாவம். அங்கே டேபிள் என்றால் பெரும்பாலும் ‘டி1’தான்; மிஞ்சிப்போனால் ‘டி2’. மாறும் மதிப்பு வரும் நெடுவரிசையை மறைக்க ‘ரிப்ளேஸ் காலம்’, வரிசை பொருட்டில்லை என்றால் ‘சார்ட்டட் ரிசல்ட்’, இந்த வரி பிழை தர வேண்டும் என்றால் பிழையின் பெயரை முன்கூட்டியே எழுதிவைக்க ‘எரர்’ என்று அதன் சோதனைமொழியிலேயே சொற்கள் இருக்கின்றன. கண்டுகொள்ளாமல் விடுவதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறார்கள். ‘ரெகார்ட்’ என்று சொன்னால் வந்த விடையை அப்படியே விடைக்குறிப்பாகப் பதிந்தும் தந்துவிடும். போஸ்ட்கிரெஸில் அந்த வேலையைக் கையால் நகலெடுத்துச் செய்ய வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் உகந்தது. சர்வர் தப்பான விடை தந்திருந்தால், ஒரு சொல்லில் பதிந்துவிடும் கைக்கு அது தெரியாது. நகலெடுக்கப் போகிறவராவது கோப்பைத் திறந்து ஒருமுறை படிப்பார் என்று நம்ப இடமிருக்கிறது.

இரண்டுக்கும் இடையில் ஒரு முரண் எனக்கு ரசனையாக இருக்கிறது. மைஎஸ்கியூஎல் ஓட்டும் கருவி, சோதனை முடிந்ததும் சர்வரைத் தடவிப் பார்க்கும். ஏதாவது டேபிள் மிச்சம் இருக்கிறதா, அமைப்பு ஏதாவது மாறியிருக்கிறதா என்று. வந்த சுவடு தெரியாமல் போக வேண்டும், இல்லையென்றால் பழி விழும். போஸ்ட்கிரெஸில் பல சோதனைகள் வேண்டுமென்றே பொருட்களைப் போட்டுவிட்டுப் போகின்றன. அந்தச் சிதறலை எல்லாம் பேக்கப் எடுத்துத் திரும்பக் கொட்டினால், புதிய பதிப்புக்கு மாற்றினால், அப்படியே வருகிறதா என்று வேறொரு சோதனை பார்க்கிறது. எவ்வளவு விசித்திரமான டேபிளை விட்டுச் செல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ஒருவர் குப்பை என்று சொன்னதை இன்னொருவர் சரக்கு ஆக்கிக்கொண்டார்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது, ஒரே நேரத்தில் இருவர் வேலை செய்யும்போது என்ன நடக்கிறது என்று சோதிப்பது. போஸ்ட்கிரெஸில் இதற்கென்று தனியாக ‘ஐசொலேஷன் டெஸ்டர்’ இருக்கிறது. 9.1 பதிப்பில், 2011-இல், பலர் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் ஒருவர்பின் ஒருவராக ஓட்டியதுபோன்ற விடையையே தரும் உண்மையான ‘சீரியலைசபிள்’ வசதி வந்தபோது கூடவே வந்தது. அந்த வசதியைக் கொண்டுவந்தவர்கள் கெவின் கிரிட்னரும் டான் போர்ட்ஸும். கிரிட்னர் அப்போது வேலை பார்த்தது விஸ்கான்சின் மாநில நீதிமன்றங்களின் கணினிப் பிரிவில். பத்தாயிரம் வரிசை டேபிளும் அங்கிருந்து, இதுவும் அங்கிருந்து. அந்தக் குளிர் மாநிலத்துக்கும் இந்தச் சர்வருக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்.

அதில் ஆகச் சிறிய சோதனை ஒன்று. மூன்று வரிசை டேபிள்: ஆப்பிள், பேரிக்காய், வாழைப்பழம். முதல் ஆள் பேரிக்காய் எல்லாவற்றையும் ஆப்பிளாக மாற்றுகிறார். இரண்டாம் ஆள் ஆப்பிள் எல்லாவற்றையும் பேரிக்காயாக மாற்றுகிறார். ஒருவர் முடித்த பிறகு மற்றவர் தொடங்கினால் கடைசியில் இரண்டும் ஆப்பிளாகவோ இரண்டும் பேரிக்காயாகவோ இருக்கும். ஆனால் இருவரும் ஒரே சமயத்தில் தொடங்கி, அவரவர் தொடங்கியபோது கண்ட நிலையை வைத்தே வேலை செய்தால்? இருவரும் வெவ்வேறு வரிசையைத் தொடுவதால் மோதலே இல்லை. ஆப்பிள் பேரிக்காய் ஆகிவிடும், பேரிக்காய் ஆப்பிள் ஆகிவிடும். ஒருவர்பின் ஒருவராக ஓட்டினால் எந்த வரிசைமுறையிலும் வராத விடை அது.

இருவருக்கும் இரண்டிரண்டு படிகள்: மாற்று, முடி. இந்த நான்கையும் எத்தனை விதமாகப் பின்னலாம்? ஆறு. ஆறையும் ஓட்டுகிறார்கள். இரண்டில் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால் இருவரும் தேறுகிறார்கள். மற்ற நான்கில் ஒருவருக்குப் பிழை வந்தே தீர வேண்டும் என்கிறது விடைக்குறிப்பு. மூன்று பழங்களை வைத்துக்கொண்டு, கோட்பாட்டுக் கட்டுரைகள் பக்கம் பக்கமாக விவரிக்கும் ஒரு முறைகேட்டை முழுவதுமாக அடைத்துவிட்டார்கள். வாழைப்பழம் எதற்கு என்று கேட்கலாம். யாரும் தொடாத ஒன்று தொடப்படாமலே இருக்கிறதா என்பதற்கும் ஒரு சாட்சி வேண்டாமா?

ஒருவர் பூட்டுக்காகக் காத்திருப்பதையும் இந்தக் கருவி விடைக்குறிப்பில் எழுதும். ‘காத்திருக்கிறார்’ என்று ஓர் இடத்தில் குறித்து, பூட்டு திறந்ததும் ‘முடிந்தது’ என்று இன்னோர் இடத்தில் குறிக்கும். காத்திருக்கிறாரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சோம்பேறியான வழி, இரண்டு நொடி தூங்கிவிட்டுப் பார்ப்பது. வேகமான கணினியில் அந்த இரண்டு நொடி வீண். மெதுவான கணினியில் அது போதாது. இந்தக் கருவி தூங்குவதில்லை. இந்த இணைப்பு வேறொன்றால் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று சர்வரிடமே கேட்டுவிடுகிறது.

முட்டுக்கட்டைக்கான சோதனை ஒன்றில் எட்டுப் பேர் ஒருவரையொருவர் மறித்து நிற்கிறார்கள். சர்வர் யாராவது ஒருவரைத் தூக்கியெறிந்து வழியைத் திறக்க வேண்டும். யாரை? அது யாருக்கு முதலில் பொறுமை போகிறதோ அவரைப் பொறுத்தது. விடைக்குறிப்பு எழுத வேண்டுமென்றால் இதை நிச்சயப்படுத்தியாக வேண்டும். அதனால் ஏழு பேருக்கு நீண்ட பொறுமையும் கடைசி ஆளுக்கு மட்டும் குறுகிய பொறுமையும் கொடுத்துவிட்டார்கள். தற்செயலை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இவ்வளவும் எழுதியவரின் கணினியில் தேறினால் மட்டும் போதாது. 2004 முதல் ஆண்ட்ரூ டன்ஸ்டனின் முயற்சியில் ‘பில்ட் ஃபார்ம்’ ஒன்று நடந்துவருகிறது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளில் சோதனைகளை ஓட்டி முடிவை அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு விலங்கின் பெயர். ஹெச்பியின் பழைய பிஏ-ரிஸ்க் கணினி ஒன்று ‘கௌர்’ என்ற பெயரில் வெகுகாலம் உழைத்தது. நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டெருமைதான் அது. சில விலங்குகள் உள்நினைவைப் படிக்குப்படி அழித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்லும் அமைப்பில் ஓடும். அவற்றுக்கு ஒரு சுற்று முடியப் பல மணி நேரம் ஆகும். தூங்கிப் பார்க்கும் சோம்பேறிச் சோதனைகள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

டேட்டாபேஸ் வேலையில் இருப்பவர்கள் கையேட்டைப் படிப்பதோடு நின்றுவிடாதீர்கள். மூல நிரலை இறக்கி, பூலியன் கோப்பின் கேள்வியை ஒரு பக்கமும் விடைக்குறிப்பை மறுபக்கமும் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் விடையை நீங்களே சொல்லிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்புங்கள். கல்லூரிகளில் எஸ்கியூஎல் நடத்தும் ஆசிரியர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்: மாணவர்களிடம் இருபது கேள்வி எழுதச் சொல்வதற்கு முன்னால், இந்த ஒரு கோப்பைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.